ஹார்மோனிக்ஸ் வைத்து கிட்டார் ட்யூன் செய்வது எப்படி, 5-7 முறை எங்கே சறுக்குகிறது

5ஆம் ஃப்ரெட், 7ஆம் ஃப்ரெட் என்று மாறி மாறித் தொட்டு, இரண்டு ஒலியும் ஒன்றோடொன்று கரைகிற வரை பொறுமையாகக் கீயைத் திருகி, ஆறு கம்பியையும் முடித்துவிட்டு ஆசையாக ஒரு ஜி கார்டு போட்டால் எங்கேயோ லேசாகப் புளிக்கிறது. இது உங்களுக்கு நடந்திருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

என்னிடம் கிட்டார் கற்றுக்கொள்ள வருகிற ஒரு தம்பி போன மாதம் இதையேதான் கேட்டான். "அண்ணா, ஒவ்வொரு கம்பியும் கரெக்டா ஒட்டுதுண்ணா, நானே பத்து வாட்டி பாத்துட்டேன். ஆனா ஜி போட்டா மட்டும் ஏதோ இடிக்குது. கிட்டார்ல ஏதாவது கோளாறா?" வாங்கிப் பார்த்தேன். கிட்டாரில் கோளாறு இல்லை, அவன் காதிலும் கோளாறு இல்லை. சொல்லப்போனால் அவன் காது நன்றாக இருந்ததால்தான் அந்தச் சின்ன இடிப்பே அவனுக்குக் கேட்டிருக்கிறது. சிக்கல் அவன் பயன்படுத்திய முறையில் இருந்தது. அந்த முறையைத்தான் எனக்கும் முதலில் சொல்லிக் கொடுத்தார்கள், நானும் சில வருடங்கள் அப்படியே ட்யூன் செய்துவிட்டு கம்பியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

சரி, முதலிலிருந்து வருவோம்.

ஒலியை வரவழைப்பது

6ஆம் கம்பியை, அதாவது தடித்த ஈ கம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். 12ஆம் ஃப்ரெட்டுக்குப் போங்கள். கார்டு பிடிக்கும்போது ஃப்ரெட் உலோகத்துக்குச் சற்றுப் பின்னால் விரலை வைத்து அழுத்துவோம் இல்லையா, இங்கே அப்படி இல்லை. அந்த உலோகக் கம்பிக்கு நேர் மேலே விரல் வர வேண்டும், அழுத்தவே கூடாது. பாலாடை கிழியாமல் தொட்டுப் பார்க்கிற அளவுக்குத்தான் விரல் படலாம். எனக்கு மோதிர விரல் வசதி, சிலருக்குச் சுண்டு விரல். விரலின் நுனியைவிடச் சதைப் பகுதி படுவது நல்லது.

வலது கையால் பிரிட்ஜ் (உடல் பக்கம் கம்பி வந்து முடிகிற கட்டை) பக்கமாகக் கம்பியை மீட்டுங்கள். மீட்டின அடுத்த கணமே இடது விரலை எடுத்துவிடுங்கள். சின்ன மணி அடித்தது போல ஒரு ஒலி வந்து, விரல் எடுத்த பிறகும் நீண்டுகொண்டே போனால் வந்துவிட்டது. 'டப்' என்று செத்த ஒலி வந்தால் ஒன்று விரலைத் தாமதமாக எடுக்கிறீர்கள், இல்லை இடம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளிப்போயிருக்கிறது.

12இல் வந்ததும் 7க்குப் போங்கள், அப்புறம் 5. போகப் போக ஒலி மெலியும், இடத்தின் துல்லியமும் கூடுதலாக வேண்டும்.

5ஆம் ஃப்ரெட்டில் நிறையப் பேர் மாட்டிக்கொள்வார்கள். இடது விரல் சரியாக இருக்கும், ஆனால் ஒலி வராது. காரணம் வலது கை. அகூஸ்டிக் கிட்டாரில் பழக்கதோஷத்தில் ஒலித்துளைக்கு மேலே மீட்டுவோம். 24ஆம் ஃப்ரெட் என்று ஒன்று இருந்திருந்தால் அது எங்கே வந்திருக்குமோ, அந்த இடம் பெரும்பாலான அகூஸ்டிக்குகளில் ஒலித்துளைக்கு மேலேதான் விழுகிறது. 5ஆம் ஃப்ரெட் ஹார்மோனிக் ஒலிக்கும்போது கம்பி அசையாமல் நிற்கிற புள்ளிகளில் அதுவும் ஒன்று. அசையக் கூடாத இடத்தைப் பிடித்து இழுத்தால் அந்த ஒலி எப்படி வரும்? கையை இரண்டு மூன்று அங்குலம் பிரிட்ஜ் பக்கம் நகர்த்திவிட்டு மறுபடி மீட்டிப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். எலெக்ட்ரிக் வைத்திருப்பவர்கள் பிரிட்ஜ் பிக்அப்புக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைகளில் நெக் பிக்அப் கிட்டத்தட்ட அந்த 24ஆம் ஃப்ரெட் இடத்திலேயே உட்கார்ந்திருப்பதால், திறந்த கம்பியின் (அதாவது எந்த ஃப்ரெட்டிலும் அழுத்தாத கம்பியின்) 5ஆம் ஃப்ரெட் ஹார்மோனிக்கை அதில் கேட்டால் மெலிந்துதான் கேட்கும்.

கம்பிக்குள் என்ன நடக்கிறது

கம்பியைச் சும்மா மீட்டும்போது அது முழு நீளத்துக்கும் ஆடுகிறது. கூடவே இரண்டு பாதியாக, மூன்று பங்காக, நான்கு பங்காகவும் அதே நேரத்தில் ஆடிக்கொண்டிருக்கிறது. பள்ளியில் சுரமானி சோதனை செய்தவர்களுக்குக் கணு, எதிர்க்கணு என்ற சொற்கள் நினைவிருக்கும். அசையாத புள்ளி கணு. நடுவில் லேசாக விரல் வைத்தால், நடுவில் அசைய வேண்டிய ஆட்டங்கள் எல்லாம் அடங்கிவிடும். அங்கே கணு உள்ளவை மட்டும் தப்பித்து ஒலிக்கும். ஹார்மோனிக்ஸ் என்பது இவ்வளவுதான். புதிதாக எதையும் நாம் உண்டாக்கவில்லை, ஏற்கெனவே இருக்கிற கூட்டத்தில் சிலரை மட்டும் பேச விடுகிறோம்.

இதைக் கையாலேயே சோதித்துப் பார்க்கலாம். 7ஆம் ஃப்ரெட்டில் ஹார்மோனிக் எழுப்பி விரலை எடுத்துவிடுங்கள். ஒலி நீண்டுகொண்டிருக்கும்போதே 19ஆம் ஃப்ரெட்டுக்கு நேர் மேலே மெதுவாகத் தொடுங்கள். ஒலி நிற்காது. மறுபடி 7இல் எழுப்பி, இந்த முறை 12ஆம் ஃப்ரெட்டில் தொடுங்கள். பட்டென்று அடங்கிவிடும். கம்பி மூன்று பங்காக ஆடும்போது 19 ஒரு கணு, 12 ஒரு எதிர்க்கணு. ஒரு தடவை இதைச் செய்து பார்த்தவர்களுக்கு அதற்கு மேல் படம் போட்டு விளக்கத் தேவையில்லை.

இடங்களைச் சொல்லிவிடுகிறேன். நட்டிலிருந்து (கீ பக்கம் கம்பி ஏறி வருகிற பள்ளக் கட்டை) பிரிட்ஜ் வரை உள்ள கம்பி நீளத்தை ஸ்கேல் நீளம் என்பார்கள். அது 648 மில்லிமீட்டராக உள்ள கிட்டாரில் பாதி 324 மி.மீ., அது 12ஆம் ஃப்ரெட். ஒலி ஒரு ஸ்தாயி மேலே. மூன்றில் ஒன்று 216 மி.மீ., 7ஆம் ஃப்ரெட். ஒரு ஸ்தாயியும் அதற்கு மேல் ஒரு பஞ்சமமும். நான்கில் ஒன்று 162 மி.மீ., 5ஆம் ஃப்ரெட், இரண்டு ஸ்தாயி மேலே. இந்த மூன்றும் ஃப்ரெட்டோடு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தில் ஒத்துப்போகும். ஐந்தில் ஒன்று வரும்போதுதான் கதை மாறுகிறது. அது 129.6 மி.மீ., ஆனால் 4ஆம் ஃப்ரெட் இருப்பது 133.7 மி.மீட்டரில். அதனால் ஃப்ரெட்டிலிருந்து நட் பக்கமாக 4 மில்லிமீட்டர் தள்ளித் தொட்டால்தான் ஒலி தெளிவாக வரும். நேர் மேலே தொட்டுவிட்டு வரவில்லையே என்று தவிக்க வேண்டாம்.

அந்த 4 மில்லிமீட்டர் விலகலைக் கொஞ்சம் மனதில் வையுங்கள். நம் தம்பியின் ஜி கார்டுச் சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஐந்து பங்காக ஆடும்போது வருகிற சுரம் காந்தாரம். தம்புராவில் மந்தர ஸட்ஜக் கம்பியை மீட்டும்போது யாரும் மீட்டாத ஒரு காந்தாரம் தானாக எழுந்து கேட்குமே, சுயம்பு காந்தாரம் என்பார்கள், அதே சுரம்தான் இது. அது இயற்கையின் காந்தாரம். கிட்டார் ஃப்ரெட்டில் அழுத்திப் பெறுகிற காந்தாரம் அதைவிடக் கொஞ்சம் உயரம்.

விம்மலைக் கேட்கப் பழகுவது

ட்யூனிங்குக்கு வரும் முன் ஒரே ஒரு பயிற்சி. இரண்டு ஒலிகள் கிட்டத்தட்ட ஒரே சுருதியில் இருந்தால் அவை சேர்ந்து 'வாங்… வாங்… வாங்' என்று ஏறி இறங்கும். பாடப்புத்தகத்தில் இதற்கு விம்மல் என்று அழகான பெயர். ஒரு நொடிக்கு எத்தனை விம்மல் வருகிறதோ அத்தனை ஹெர்ட்ஸ் வித்தியாசம். 440க்கும் 443க்கும் நொடிக்கு மூன்று. நெருங்க நெருங்க விம்மல் மெதுவாகி, ஒன்றாகும்போது நின்றுவிடும்.

5ஆம் கம்பியில் 5ஆம் ஃப்ரெட், 4ஆம் கம்பியில் 7ஆம் ஃப்ரெட், இரண்டிலும் ஹார்மோனிக்கை அடுத்தடுத்து எழுப்பி ஒலிக்க விட்டுவிட்டு, 4ஆம் கம்பியின் கீயை மிக மெதுவாகத் திருகுங்கள். விம்மல் வேகமானால் தப்பான திசை. எந்தத் திசை என்றே புரியவில்லை என்றால் தயங்காமல் கம்பியை நன்றாகத் தளர்த்திவிட்டு, நிச்சயமாகக் கீழே இருக்கிறோம் என்று தெரிந்த பிறகு மேலே ஏறி வாருங்கள். எப்போதுமே கீழிருந்து மேலே ஏறித்தான் ட்யூன் செய்ய வேண்டும். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் கீயின் பல் சக்கரத்தில் மிச்சமிருக்கிற தளர்வு அடுத்த இரண்டு ஸ்ட்ரோக்கில் கம்பியை மேலும் இறக்கிவிடும்.

இதை அமைதியான அறையில் செய்யுங்கள். மின்விசிறியின் சத்தத்தில் விம்மலைப் பிரித்துக் கேட்பது ஆரம்பத்தில் கஷ்டம். ஒரு கிட்டாரின் பக்கவாட்டு மரத்தில் காதை ஒட்ட வைத்துக் கேட்டுப் பாருங்கள், எந்தச் சத்தத்துக்கு நடுவிலும் கேட்கும். கச்சேரி மேடையில் ட்யூனர் கையில் இல்லாதபோது நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.

பலருக்கும் தெரிந்த 5-7 முறை

6ஆம் கம்பியின் 5ஆம் ஃப்ரெட் ஹார்மோனிக்கும் 5ஆம் கம்பியின் 7ஆம் ஃப்ரெட் ஹார்மோனிக்கும் ஒரே ஈ சுரம். அவற்றை ஒன்றாக்க வேண்டும். அதே மாதிரி 5ஆம் கம்பிக்கும் 4ஆம் கம்பிக்கும், 4ஆம் கம்பிக்கும் 3ஆம் கம்பிக்கும். 3க்கும் 2க்கும் இது பொருந்தாது, ஏனென்றால் ஜி–பி இடைவெளி மற்றவை போல ஸ–ம இல்லை, ஸ–க. அதனால் 2ஆம் கம்பியைத் திறந்தபடி மீட்டி, 6ஆம் கம்பியின் 7ஆம் ஃப்ரெட் ஹார்மோனிக்கோடு ஒட்டவைப்பார்கள். கடைசியில் 1ஆம் கம்பியை 6ஆம் கம்பியின் 5ஆம் ஃப்ரெட் ஹார்மோனிக்கோடு.

இந்த முறையின் பெரிய வசதி, ஒலி எழுந்ததும் இரண்டு கையும் ஓய்வாக இருக்கும், ஒலிக்கும்போதே கீயைத் திருகலாம். அதனால்தான் இது இவ்வளவு பரவியிருக்கிறது. வேகமும் உண்டு. பழகிவிட்டால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 440 ஏ வைத்து ஒழுங்காக ட்யூன் செய்த கிட்டாரில் 6ஆம் கம்பி 82.41 ஹெர்ட்ஸ், 5ஆம் கம்பி 110, 4ஆம் கம்பி 146.83, 3ஆம் கம்பி 196, 2ஆம் கம்பி 246.94, 1ஆம் கம்பி 329.63. 5ஆம் ஃப்ரெட் ஹார்மோனிக் என்றால் 4 மடங்கு, 7ஆம் ஃப்ரெட் என்றால் 3 மடங்கு. 82.41ஐ 4ஆல் பெருக்கினால் 329.6. 110ஐ 3ஆல் பெருக்கினால் 330. ஒன்றாக இல்லை! கிட்டத்தட்ட 0.4 ஹெர்ட்ஸ் இடிக்கிறது. சரியாக ட்யூன் ஆன கிட்டாரில் இந்த இரண்டு ஹார்மோனிக்கும் விம்மத்தான் வேண்டும். நாம் விம்மலை நிறுத்துகிறோம் என்றால் 5ஆம் கம்பியைத் தேவைக்கு மேல் இறக்கிவிட்டோம் என்று பொருள்.

ஏன் இப்படி? ஹார்மோனிக்ஸ் முழு எண் மடங்குகளில் வருபவை. அவை தருகிற பஞ்சமமும் மத்திமமும் தூய்மையானவை. ஃப்ரெட்டுகள் அப்படி அமைக்கப்பட்டவை அல்ல. எந்தச் சுருதியில் வாசித்தாலும் ஒரே மாதிரி ஒலிக்க வேண்டும் என்பதற்காக ஸ்தாயியை 12 சம பங்காக்கி அதன்படி ஃப்ரெட் பதிக்கிறார்கள். இது கிட்டாருக்கும் முன்னால், லூட் என்ற பழைய ஐரோப்பியக் கம்பி வாத்தியத்தின் காலத்திலேயே தொடங்கிய பழக்கம். விஞ்ஞானி கலிலியோவின் அப்பா வின்சென்ஸோ கலிலேய் ஒரு லூட் கலைஞர். மீதமிருக்கிற கம்பி நீளத்தில் 18இல் ஒரு பங்கு தள்ளி அடுத்த ஃப்ரெட்டை வைக்கலாம் என்று 1581இலேயே எழுதியிருக்கிறார். இன்று 18க்குப் பதிலாக 17.817 என்ற எண்ணை வைத்துக் கணக்கிடுகிறார்கள், அவ்வளவுதான் மாற்றம்.

ஒரு ஃப்ரெட் தூரத்தை 100 சென்ட் என்று வைத்துக்கொண்டால், கிட்டாரின் ஸ–ம இடைவெளி சரியாக 500 சென்ட். ஹார்மோனிக்ஸ் தருகிற தூய ஸ–ம 498. இரண்டு சென்ட் என்பது தனியாகக் கேட்டால் யாருக்கும் தெரியாத அளவு. ஆனால் 5-7 முறையில் அது சேர்ந்துகொண்டே போகிறது. 5ஆம் கம்பி 2 சென்ட் கீழே, 4ஆம் கம்பி 4, 3ஆம் கம்பி 6. அப்புறம் 2ஆம் கம்பியை 6ஆம் கம்பியின் 7ஆம் ஃப்ரெட் ஹார்மோனிக்கிலிருந்து எடுக்கிறோம், அது தூய பஞ்சமம், 2 சென்ட் மேலே போய்விடுகிறது. ஆக ஜி 6 கீழே, பி 2 மேலே. 400 சென்ட் இருக்க வேண்டிய ஜி–பி இடைவெளி 408 ஆகிவிட்டது.

ஏற்கெனவே சொன்ன சுயம்பு காந்தாரம் 386 சென்ட். ஃப்ரெட்டின் 400ஐயே காது கொஞ்சம் சகித்துக்கொண்டுதான் ஏற்கிறது. அதை 408க்குத் தள்ளினால் புளிக்காமல் என்ன செய்யும்? ஜி கார்டில் திறந்த 3ஆம் கம்பியும் திறந்த 2ஆம் கம்பியும் பக்கத்துப் பக்கத்தில் சேர்ந்து ஒலிக்கின்றன. போதாததற்கு 6ஆம் கம்பி 3ஆம் ஃப்ரெட்டின் ஜியும் திறந்த 3ஆம் கம்பியின் ஜியும் ஸ்தாயியாகச் சேர வேண்டியவை, அவையும் 6 சென்ட் விலகி ஒன்றரை நொடிக்கு ஒரு முறை விம்முகின்றன. தம்பி கேட்ட 'இடிப்பு' இதுதான்.

சிலர் வேறொரு வழி சொல்வார்கள். 3ஆம் கம்பியின் 4ஆம் ஃப்ரெட் ஹார்மோனிக்கையும் 2ஆம் கம்பியின் 5ஆம் ஃப்ரெட் ஹார்மோனிக்கையும் ஒட்டவைக்கச் சொல்வார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். 196ஐ 5ஆல் பெருக்கினால் 980, 246.94ஐ 4ஆல் பெருக்கினால் 987.8. ஒட்டவைத்தால் பி கம்பி 14 சென்ட் கீழே போய்விடும். அந்த நேரத்துக்கு ஜி கார்டு தேன் மாதிரி இருக்கும், அடுத்து ஈ மேஜரோ ஏ மைனரோ போட்டவுடன் பல் கூசும்.

நான் இப்போது செய்வது: எல்லாவற்றுக்கும் ஒரே ஏ

ஸ்தாயி மட்டும் ஹார்மோனிக்ஸிலும் ஃப்ரெட்டிலும் ஒன்றேதான். இரண்டு மடங்கு, நான்கு மடங்கு, அதில் சண்டையே கிடையாது. அதனால் 12ஆம் ஃப்ரெட், 5ஆம் ஃப்ரெட் ஹார்மோனிக்ஸை மட்டும் அளவுகோலாக எடுத்துக்கொண்டு, 7ஆம் ஃப்ரெட் ஹார்மோனிக்கை ட்யூனிங்கிலிருந்து விலக்கிவிட்டால் போதும். ஒவ்வொரு கம்பியையும் முந்தைய கம்பியிடமிருந்து எடுக்காமல், எல்லாக் கம்பியையும் 5ஆம் கம்பி ஒன்றிடமே கேட்க வேண்டும். அப்போது ஒன்றில் வந்த பிசகு அடுத்ததற்குத் தொற்றாது.

முதலில் 5ஆம் கம்பி. 440 இசைக்கவை இருந்தால் முழங்காலில் தட்டி, அதன் காம்பை பிரிட்ஜுக்குப் பக்கத்தில் மரத்தில் ஊன்றுங்கள், கிட்டாரே அந்தச் சுரத்தைப் பாடும். 5ஆம் கம்பியின் 5ஆம் ஃப்ரெட் ஹார்மோனிக் நேராக 440தான், 110இன் நான்கு மடங்கு. இரண்டும் விம்மாமல் சேர வேண்டும். இசைக்கவை இல்லையென்றால் போனில் 440 ஒலி எழுப்புகிற ஆப் ஏதாவது போதும். கீபோர்டோடு சேர்ந்து வாசிக்கப் போகிறீர்கள் என்றால் கீபோர்டின் ஏ சுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சர்ச்சோ மெல்லிசைக் குழுவோ, சுருதி மாற்ற முடியாத வாத்தியம் சொல்வதுதான் அங்கே சட்டம்.

அடுத்து 4ஆம் கம்பி. 5ஆம் கம்பியின் 12ஆம் ஃப்ரெட் ஹார்மோனிக்கை எழுப்பி ஒலிக்க விடுங்கள், அது 220. இப்போது 4ஆம் கம்பியை 7ஆம் ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டுங்கள், அதுவும் 220 வர வேண்டும். இடது விரலை எடுக்காமல் வலது கையைக் குறுக்கே நீட்டிக் கீயைத் திருகுங்கள். முதலில் கொஞ்சம் கோணலாக இருக்கும், ஒரு வாரத்தில் பழகிவிடும்.

3ஆம் கம்பிக்கும் அதே 12ஆம் ஃப்ரெட் ஹார்மோனிக்தான். இங்கே 2ஆம் ஃப்ரெட்டில் அழுத்துங்கள். 2ஆம் கம்பிக்கு 5ஆம் கம்பியின் 5ஆம் ஃப்ரெட் ஹார்மோனிக்கை எழுப்பி, 10ஆம் ஃப்ரெட்டில் அழுத்துங்கள். 1ஆம் கம்பிக்கும் அதே ஹார்மோனிக், 5ஆம் ஃப்ரெட்டில் அழுத்துங்கள். கடைசியாக 6ஆம் கம்பி, 5ஆம் ஃப்ரெட்டில் அழுத்தி, திறந்த 5ஆம் கம்பியோடு ஒப்பிடுங்கள்.

அழுத்தும்போது ஒரு எச்சரிக்கை. கம்பியைப் பக்கவாட்டில் இழுக்கவோ, தேவைக்கு மேல் இறுக்கவோ கூடாது. அப்படிச் செய்தால் ஓரிரு சென்ட் அங்கேயே ஏறிவிடும், பட்ட பாடெல்லாம் வீண். பாட்டு வாசிக்கும்போது எவ்வளவு அழுத்துவீர்களோ அதே அளவு அழுத்துங்கள்.

முடித்தபின் சரிபார்க்க இரண்டு வழி. 6ஆம் கம்பியின் 5ஆம் ஃப்ரெட் ஹார்மோனிக்கும் திறந்த 1ஆம் கம்பியும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்புறம், பழைய 5-7 ஜோடிகளை ஒரு முறை கேட்டுப் பாருங்கள், ஒட்டவைக்க அல்ல, விம்மலை எண்ண. 6–5 ஜோடியில் இரண்டரை மூன்று நொடிக்கு ஒரு விம்மல், 5–4 ஜோடியில் இரண்டு நொடிக்கு ஒன்று, 4–3 ஜோடியில் ஒன்றரை நொடிக்கு ஒன்று வந்தால் உங்கள் கிட்டார் அருமையாக ட்யூன் ஆகியிருக்கிறது. அவசரத்தில் 5-7 முறையில்தான் ட்யூன் செய்தாக வேண்டும் என்றால்கூட இந்த எண்களை வைத்துச் செய்யலாம். முதலில் விம்மலை நிறுத்துங்கள், பிறகு 7ஆம் ஃப்ரெட் பக்கத்துக் கம்பியை ஒரு மயிரிழை மேலே ஏற்றி, அந்த மெதுவான விம்மல் வருகிற இடத்தில் நிறுத்துங்கள்.

தம்பியின் கிட்டாரை அன்று இப்படி ட்யூன் செய்து கையில் கொடுத்தேன். ஜி போட்டான், சி போட்டான், மறுபடி ஜி போட்டான், அப்புறம் எதுவும் பேசாமல் 5ஆம் கம்பியைத் தானே தளர்த்திவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தான்.

கிளிப் ட்யூனர் வைத்திருப்பவர்களுக்கு

ட்யூனர் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். நானும் மேடையில் ட்யூனர்தான் மாட்டுகிறேன். ஆனால் அதிலும் ஹார்மோனிக்ஸ் உதவும். தடித்த கம்பிகளைத் திறந்தபடி மீட்டினால் சில ட்யூனர்களில் முள் அலைபாயும். 12ஆம் ஃப்ரெட் ஹார்மோனிக்கை எழுப்பினால் முள் நிலையாக நிற்கும், அது காட்டுகிற சுரமும் அதே பெயர்தான். பலமாக மீட்டிய முதல் கணத்தில் எந்தக் கம்பியும் கொஞ்சம் உயர்ந்துதான் ஒலிக்கும், அதைப் பார்த்து இறக்காதீர்கள், ஒலி நிலைத்த பிறகு படியுங்கள்.

ட்யூனர் எல்லாம் பச்சை காட்டியும் மேல் ஃப்ரெட்டுகளில் கார்டு கசந்தால் இன்டொனேஷனை, அதாவது அழுத்தும்போதும் சுருதி சரியாக நிற்கிறதா என்பதைப் பாருங்கள். 12ஆம் ஃப்ரெட் ஹார்மோனிக்கை எழுப்புங்கள், அதே 12ஆம் ஃப்ரெட்டை அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்தியது உயர்ந்திருந்தால் எலெக்ட்ரிக்கில் அந்தக் கம்பியின் சேடிலை (பிரிட்ஜில் கம்பி உட்கார்கிற துண்டு) பின்னால், அதாவது நட்டை விட்டு விலகிப்போகிற திசையில் நகர்த்துங்கள். தாழ்ந்திருந்தால் முன்னால். ஒவ்வொரு முறை நகர்த்திய பிறகும் திறந்த கம்பியை மறுபடி ட்யூன் செய்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும், இதை மறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருப்பீர்கள். அகூஸ்டிக்கில் சேடிலை இப்படி நகர்த்த முடியாது, விலகல் அதிகம் என்றால் கிட்டார் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.

கீயைத் திருகும்போது நட் பக்கம் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டு சுருதி திடீரென்று தாவினால் கம்பி நட்டின் பள்ளத்தில் சிக்குகிறது. கம்பியைத் தூக்கிவிட்டு, பள்ளத்தில் பென்சில் முனையை நாலு முறை தேய்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கேப்போ (ஒரு ஃப்ரெட்டில் எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கிற கிளிப்) போட்டால் கணுக்களும் கூடவே நகரும். 2ஆம் ஃப்ரெட்டில் கேப்போ என்றால் 12க்குப் பதில் 14, 7க்குப் பதில் 9, 5க்குப் பதில் 7. டிராப் டி, அதாவது 6ஆம் கம்பியை ஈயிலிருந்து டிக்கு இறக்குகிற ட்யூனிங் வேண்டுமென்றால் 6ஆம் கம்பியின் 12ஆம் ஃப்ரெட் ஹார்மோனிக்கைத் திறந்த 4ஆம் கம்பியோடு சேருங்கள், ஸ்தாயி உறவு என்பதால் இங்கே எந்தக் கணக்கும் வேண்டாம்.

இவ்வளவும் கம்பி நன்றாக இருந்தால்தான். வியர்வையும் துருவும் ஏறிய கம்பி நீளம் முழுக்க ஒரே எடையில் இருக்காது, அதனால் அதன் ஹார்மோனிக்ஸும் முழு எண் மடங்கில் நிற்காது. 5ஆம் ஃப்ரெட்டில் எங்கே தொட்டு, எங்கே மீட்டினாலும் மணிச் சத்தம் வராமல் தகரத்தைத் தட்டியது போல வந்தால், ட்யூன் செய்வதை விட்டுவிட்டு அன்றைக்கே புதுக் கம்பி மாற்றுங்கள். மாற்றிய கையோடு ஒவ்வொரு கம்பியையும் 12ஆம் ஃப்ரெட் அருகில் மெதுவாகத் தூக்கி இழுத்துவிட்டு, இறங்கியதை மறுபடி ஏற்றி, இறங்குவது நிற்கிற வரை நாலைந்து தடவை இதையே செய்யுங்கள்.